கட்டளை கேட்ட ஓடம்

கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த நிந்தவூர் போன்ற ஊர்களிற் பிறந்த பிள்ளைகளுக்கு ஓடம் புதுமையன்று. உலர்ந்த தென்னம்பாளை ஒன்று கிடைத்தால் அதுவே தோணி. ஈர்க்கிற் குத்திய பூவரசிலையே பாய். வாய்க்காலில் விட்டதும் அது நீர் இழுத்த வழியே போகும். கரையில் நிற்கும் பிள்ளை வலப்புறம் கைகாட்டினாலும் இடப்புறம் கைகாட்டினாலும், கூவி அழைத்தாலும், தோணி அதனை அறியாது. விட்ட கைக்கும் போகின்ற தோணிக்கும் இடையே ஒரு கயிறு இருந்தாலன்றி உறவில்லை.

அக்கயிற்றை நீக்கிவிட்டு, கரையில் நிற்பவனின் எண்ணத்தை நீரில் மிதக்கும் ஓடத்துக்குக் கண்காணா வழியில் முதன்முதல் அனுப்பியவர் நிக்கோலா தெஸ்லா. ஆடலோட்ட மின்சாரத்தை உலகுக்கு உதவச் செய்த மேதை என்று மாணாக்கர் அவரை அறிவர். காந்தப் புலத்தை அளக்கும் அலகு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் 1898ஆம் ஆண்டில் அவர் செய்து மிதக்கவிட்ட சிற்றோடத்தின் கதையை அறிந்தோர் சிலரே. அவருடைய வாழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அவ்வோடத்தின் வழியாகவே நன்கு காணலாம்.

தானே இயங்கும் ஓடம் வேண்டும் என்னும் ஆசை மிகப் பழையது. ஆர்த்துக்கிய மன்னர்களின் அவையிற் பணியாற்றிய அல்ஜஸரி என்னும் பொறிவல்லார், 1206இல் பொறிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை அரபு மொழியில் எழுதி முடித்தார். அதில் விவரிக்கப்படும் பொறிகளுள் ஓர் ஓடமும் உண்டு. அரசவை விருந்தின்போது தடாகத்தில் மிதக்கும் அவ்வோடத்தில் இசைவாணர் நால்வரின் பாவைகள் அமர்ந்திருக்கும். நீரின் விசையாற் சுழலும் உருளையிற் பதித்த முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, அப்பாவைகள் வாத்தியம் முழக்கும். அருமையான வேலைப்பாடு! ஆனால் பாவைகள் யாது செய்யவேண்டும் என்பதை வினைஞர் முன்னரே முளைகளாக அடித்து முடித்துவிட்டார். ஓடம் நீரில் இறங்கிய பின் அவரே விரும்பினாலும் எதனையும் மாற்ற இயலாது. போகும் வழியிலே புதிய கட்டளையை ஏற்கும் பொறி தோன்றுவதற்கு உலகம் மேலும் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது.

தெஸ்லா 1856 யூலை 10ஆம் நாள் சிமில்யான் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் அன்று ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று குரோவேசிய நாட்டில் உள்ளது. தந்தையார் மிலுத்தின், சேர்பிய மரபுவழித் திருச்சபையின் குருவானவர். தாயார் எழுத்தறியாதவர், ஆயினும் சேர்பிய வீரகாவியங்கள் பலவற்றை மனத்திலிருந்தே சொல்லவல்லவர். வீட்டுக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்பவர். புத்தாக்கத் திறன் தமக்குத் தாய்வழி வந்த சீதனம் என்றே தெஸ்லா கருதினார்.

சிறுவயதிற் பக்கத்து ஓடையில் அவர் ஒரு நீர்ச்சக்கரம் அமைத்தார். மற்றைய சக்கரங்களுக்குள்ள துடுப்புகள் அதற்கு இல்லை. வெறும் வட்டத் தகடு. ஆயினும் நீரின் பிடிப்பினால் அது சுழன்றது. பல பத்தாண்டுகள் கழித்து, 1913இல், அலகுகள் இல்லாத சுழலிக்கு அவர் ஆக்கவுரிமை பெற்றபோது இவ்வோடைச் சக்கரமே அதன் வித்தாயிருந்தது. பிள்ளை விளையாட்டு எங்கே முடிகிறது, விஞ்ஞானம் எங்கே தொடங்குகிறது என்று அவருடைய வாழ்க்கையிற் கோடு கிழிப்பது எளிதன்று.

தந்தையார் மகனைக் குருவாக்க எண்ணியிருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்த காலத்தில் வாந்திபேதி கண்டு மகன் பல மாதம் படுக்கையிற் கிடந்தபோது, பிழைத்தெழுந்தாற் பொறியியல் படிக்க அனுப்புவதாக வாக்களித்தார். அவ்வாக்கின்படி 1875இல் கிராஸ் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார் தெஸ்லா. அங்கே வகுப்பில் இயக்கிக் காட்டப்பட்ட நேரோட்ட இயந்திரத்தில் தூரிகைகள் உராயுமிடமெல்லாம் தீப்பொறி பறப்பதைக் கண்டார். தூரிகைகளே இல்லாமல் இயந்திரத்தை அமைக்கலாகாதா என்று கேட்டார். பேராசிரியரோ அது நடவாத காரியம் என்பதை ஒரு விரிவுரையாகவே நிகழ்த்திக் காட்டினார். மாணவரின் வினா மறையவில்லை. பட்டம் பெறாமலே கல்லூரியை நீங்கிப் பல இடங்களில் அலைந்தபின், 1882இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பரோடு மாலையில் உலாவுகையில் விடை அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த கோலால் மணலிற் படம் வரைந்து, சுழலும் காந்தப் புலத்தை நண்பருக்கு விளக்கினார்.

1884இல் நியூயோர்க் வந்திறங்கி எடிசனின் நிறுவனத்தில் வேலைக்கமர்ந்தார், ஓராண்டுக்குள் விலகினார். நம்பிச் சேர்ந்த கூட்டாளிகள் கைவிட, கூலிக்கு மண்வெட்டிப் பள்ளம் தோண்டிய நாள்களும் உண்டு. 1888இல் ஆடலோட்ட மோட்டருக்கான ஆக்கவுரிமைகள் கிடைத்தன. வெஸ்டிங்ஹவுஸ் அவற்றை வாங்கினார். 1896 நவம்பரில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பபலோ நகரை எட்டியபோது தெஸ்லாவின் பெயர் உலகெங்கும் பரவியிருந்தது.

அப்புகழுக்கு நடுவில் ஒரு பேரிடி விழுந்தது. 1895 மார்ச் 13ஆம் நாள் அதிகாலையில் அவருடைய ஆய்வுகூடம் தீப்பற்றி எரிந்தது. கருவிகளும் குறிப்புகளும் சாம்பலாயின. வேறொருவராயின் மனமொடிந்திருப்பர். அவரோ ஹூஸ்ரன் வீதியில் வேறோர் இடம் பார்த்து, அழிந்தவற்றை நினைவிலிருந்தே மீண்டும் கட்டினார். கட்டளை கேட்ட ஓடம் உருவானது இப்புதிய கூடத்திலேயே.

இவ்வோடத்தின் பின்னே ஒரு தத்துவம் இருந்தது. தம்முடைய எண்ணங்களையும் செயல்களையும் தாமே நெடுங்காலம் கவனித்து வந்த தெஸ்லா, மனிதனும் ஒருவகைப் பொறியே என்னும் முடிவுக்கு வந்திருந்தார். வெளியே உள்ளதைக் கண் காண்கிறது. அதற்கேற்ப உடல் அசைகிறது. அவ்வாறாயின் காணும் உறுப்பொன்றும் அசையும் உறுப்பொன்றும் உள்ள இயந்திரத்தை ஏன் ஆக்கலாகாது? அதற்குத் தன் மனம் இல்லாவிடினும், தூரத்தில் நிற்பவன் தன் மனத்தை அதற்கு இரவலாகக் கொடுக்கலாமே என்று எண்ணினார்.

இங்கே நமக்கு அணுக்கமான செய்தி ஒன்றையும் கூறவேண்டும். 1896ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் தெஸ்லாவைச் சந்தித்து, பிராணன், ஆகாசம் என்னும் வேதாந்தக் கருத்துகளைப் பற்றி அவரோடு உரையாடியவர் சுவாமி விவேகானந்தர். மனிதனுக்குள்ளே ஆன்மாவைக் கண்ட துறவியும், மனிதனையே பொறியாகக் கண்ட விஞ்ஞானியும் ஒருவர்பால் ஒருவர் மதிப்புக் கொண்டனர் என்பது வியப்புக்குரியது. மறு ஆண்டு சனவரியில் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். நிந்தவூருக்கு அயலூராகிய காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, பின்னாளில் விவேகானந்தர் நிறுவிய அத்துறவற அமைப்பையே சார்ந்த விபுலாநந்த அடிகளை அறியாதார் இப்பகுதியில் இலர்.

ஓடத்துக்கு வருவோம். சுமார் நான்கடி நீளமும் இரும்பு உடலும் கொண்டது அது. உள்ளே மின்கலவடுக்கு ஒன்று. பின்புறத்து விசிறியைச் சுழற்ற ஒரு மோட்டர். சுக்கானைத் திருப்ப வேறொரு மோட்டர். மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பி, வெளியில் வரும் மின்னலையை வாங்கும். அவ்வலையை உணர்வதற்கு உலோகத் துகள் இட்ட சிறு குழாய் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சாதாரண வேளையில் அத்துகள்கள் மின்சாரத்தைச் செல்லவிடா. அலை வந்து தாக்கியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி வழிவிடும். ஆனால் ஒட்டியவை தாமாகப் பிரியமாட்டா. அடுத்த கட்டளையை ஏற்க அவற்றைக் குலைத்துவிடவேண்டும். ஒவ்வொரு சைகைக்குப் பின்னும் குழாயைத் தலைகீழாகப் புரட்டிவிடும் கடிகாரப் பொறியமைப்பை ஆக்கி அவ்விடரைத் தீர்த்தார் தெஸ்லா.

வலம், இடம் என்று தனித்தனிச் சைகைகள் அதற்கு இல்லை. கரையிலுள்ள பெட்டியின் கைப்பிடியைத் திருப்புந்தோறும் ஓர் அலை புறப்படும். அலை வருந்தோறும் ஓடத்தினுள் ஒரு வட்டு ஒருபடி நகரும். ஒரு படியிற் சுக்கான் ஒருபக்கம் திரும்பும். அடுத்த படியில் நிற்கும். அதற்கடுத்த படியில் மறுபக்கம் திரும்பும். வேண்டிய படி வரும்வரை கைப்பிடியைத் திருப்பவேண்டியதுதான். சுக்கான் எப்பக்கம் நிற்கிறது என்பதைக் கரையில் நிற்பவர் அறிந்துகொள்ள ஓடத்தில் விளக்குகள் இருந்தன. எளிய முறைதான், ஆனால் அதற்கு முன் அப்படி ஒன்று உலகில் இருந்ததில்லை.

1898இல் நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கில் நடைபெற்ற மின்பொருட் கண்காட்சியில், இதற்கென அமைத்த நீர்த்தொட்டியில் ஓடம் மிதந்தது. கம்பியுமில்லை, கயிறுமில்லை, ஓடம் திரும்பியது, நின்றது, மீண்டும் புறப்பட்டது. கண்டோர் திகைத்தனர். தெஸ்லா தம் மனவலிமையால் ஓட்டுகிறார் என்றனர் சிலர். பழக்கிய குரங்கொன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்றும் பேசினராம். பார்வையாளரிடம் ஓடத்தைக் கேள்வி கேட்கச் சொல்லி, விளக்கை எத்தனை முறை மினுக்கவேண்டுமோ அத்தனை முறை மினுக்கி விடை சொல்லவைத்ததைத் தெஸ்லா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அறுபத்துநான்கின் கனமூலம் கேட்கப்பட, விளக்கு நான்கு முறை ஒளிர்ந்தது. கேட்டவர் மகிழ்ந்தார். விடை ஓடத்திலிருந்து வரவில்லை, கரையில் நின்ற கையிலிருந்து வந்தது என்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார்.

அவ்வாண்டு யூலை முதல் நாள் இட்ட விண்ணப்பத்துக்கு நவம்பர் 8ஆம் நாள் ஆக்கவுரிமை கிடைத்தது. அதன் இலக்கம் 613,809. நம்பமுடியாத விண்ணப்பமாயிருந்தமையால், ஆக்கவுரிமை அலுவலகத்தின் தலைமைப் பரிசோதகரே நேரில் வந்து ஓடம் ஓடுவதைப் பார்த்த பின்னரே அதனை வழங்கினார் என்று தெஸ்லா குறிப்பிட்டுள்ளார்.

அவ்வாண்டில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டிருந்தது. ஆகவே ஓடத்தைக் கண்ட உலகுக்கு இரண்டே எண்ணங்கள் எழுந்தன: ஒன்று, இது வேடிக்கைப் பொருள், மற்றது, இது வெடிமருந்து ஏற்றிப் பகைவர் கப்பலை உடைக்கும் கருவி. இரண்டாவது எண்ணத்துக்குத் தெஸ்லாவே வழிகோலினார் என்பதை மறைக்கவேண்டியதில்லை. இத்தகைய கருவிகளின் அழிவாற்றல் அளவிறந்ததாகையால் நாடுகள் போரையே கைவிட்டுச் சமாதானத்தில் நிலைக்கும் என்று ஆக்கவுரிமைப் பத்திரத்திலேயே எழுதினார். அரசுக்கு அதனை வழங்க முற்பட்டபோது வாஷிங்டனில் அதிகாரி ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம். வாங்குவாரில்லை.

தெஸ்லாவோ மூன்றாவது ஒன்றையும் கண்டிருந்தார். அவர் ஆக்க விரும்பியது ஓர் ஓடமன்று. கட்டளை கேட்டு வேலைசெய்யும் இயந்திரங்களின் குலம். 1900 யூனில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், இரவல் மனத்தோடு இயங்கும் இவ்வோடத்துக்குப் பின், தன் மனத்தோடு இயங்கும் பொறியும் தோன்றும் என்று எதிர்பார்த்தார். இன்று இயந்திர அறிவைப் பற்றிப் பேசாத நாளில்லை. அன்று அதனைக் காது கொடுத்துக் கேட்டவர் மிகச் சிலர்.

மற்றோர் இடரையும் அவர் முன்கூட்டியே கண்டார். ஓர் ஓடத்துக்கு அனுப்பும் அலையை வேறொருவரின் கருவியும் அனுப்பக்கூடுமாயின், ஓடம் யார் சொற் கேட்கும்? பூட்டுக்கு இரு திறவுகோல் வைப்பதுபோல, வெவ்வேறு மீடிறன் கொண்ட இரண்டு அலைகள் சேர்ந்து வந்தாலன்றிப் பொறி அசையாதவாறு அமைத்தார். 1900இல் விண்ணப்பித்த இம்முறைக்கு 1903இல் ஆக்கவுரிமை கிடைத்தது.

இதன் அருமையை மாதிரிப் படகோட்டிகள் நன்கு அறிவர். வானொலியால் இயக்கும் மாதிரிப் படகுப் பந்தயங்களில் வேகம் மிக்கவை ஹைட்ரோபிளேன் என்னும் நீர்ச்சறுக்கு ஓடங்கள். சாதாரணப் படகு நீரைப் பிளந்துகொண்டு செல்கிறது. வேகம் கூடக் கூட நீரின் தடையும் கூடுகிறது. நீர்ச்சறுக்கு ஓடமோ வேகமெடுத்ததும் நீர்மேல் எழுந்துவிடும். முன்புறத்து இரு மிதவைகளின் அடியும், பின்புறத்து விசிறியின் பாதியுமே நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். உடலின் எஞ்சிய பகுதி காற்றில் நிற்கும். மூக்கு அளவுக்குமேல் உயர்ந்தாற் காற்று அடியிற் புகுந்து ஓடத்தைப் புரட்டிவிடும். 1967 சனவரி 4ஆம் நாள் இங்கிலாந்தின் கொனிஸ்ரன் ஏரியில், முழு அளவுப் படகில் வேகச் சாதனைக்கு முயன்ற டொனால்ட் கம்பெல் அவ்விதமே உயிர் துறந்தார். மாதிரி ஓடத்தை ஓட்டுபவர் கரையில் நிற்பதால் உயிருக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆயின் ஒரே மீடிறனில் இருவர் கருவிகள் இயங்கினால், ஒருவர் கை மற்றவர் ஓடத்தைத் திருப்பிவிடும். பல நாள் உழைத்துச் செய்த ஓடம் நொடியில் நொறுங்கும். அதனால் முன்னாளிற் போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மீடிறன் பங்கிட்டனர். இக்காலக் கருவிகள் தமக்குள் இரகசிய அடையாளம் வைத்து, மீடிறனை ஓயாது மாற்றியவாறே பேசுகின்றன. தெஸ்லாவின் இரட்டைத் திறவுகோலின் கருத்து இவற்றுக்கெல்லாம் முன்னோடி எனலாம்.

முன்னோடியின் வாழ்வோ இறங்குமுகமாயிற்று. 1901இல் மோர்கன் என்னும் செல்வரின் ஒன்றரை இலட்சம் டொலரைக் கொண்டு, நியூயோர்க்கை அடுத்த லோங் தீவிற் பெருங்கோபுரம் எழுப்பத் தொடங்கினார். செய்தியையும், முடிந்தால் மின்வலுவையும், கம்பியின்றி உலகெங்கும் அனுப்புவதே நோக்கம். அதே ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி எளிய கருவிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து சைகை பெற்றார். மோர்கன் மேலும் பணம் தர மறுத்தார். வேலை நின்றது, 1917இல் கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது.

ஓடத்தின் ஆக்கவுரிமையும் பதினேழாண்டுத் தவணை கழிந்து 1915இற் காலாவதியாயிற்று. அக்காலத்தில் ஜோன் ஹேஸ் ஹமண்ட் என்னும் இளைஞர் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் வானொலியாற் படகோட்டும் சோதனைகளை நடத்திக்கொண்டிருந்தார். கடற்படைகளும் விழித்தெழுந்தன. ஆனால் தெஸ்லாவுக்கு அவ்வோடம் பொருளைத் தரவில்லை. அவருக்கு உதவியாளர் இருந்தனர், மாணவர் இருக்கவில்லை. எண்ணியதை மனத்திலேயே கட்டி, மனத்திலேயே ஓட்டிப் பார்ப்பது அவருடைய பெருந்திறமை. அத்திறமையே அவருக்குப் பகையுமாயிற்று. மனத்தில் முடிந்த வேலையைப் பிறர் கையில் ஒப்படைக்கும் பொறுமை அவரிடம் இல்லை. ஆக்கங்கள் நின்றன, அவற்றை வளர்க்கும் பட்டறை ஒன்று அவருக்குப் பின் நிற்கவில்லை.

மணவாழ்வு நாடாத அவர் முதுமையை விடுதி அறைகளிற் கழித்தார். புறாக்களுக்கு இரையிடுவதே அந்நாளில் அவருக்கிருந்த ஆறுதல். 1943 சனவரி 7ஆம் நாள் நியூயோர்க்கர் விடுதியில், எண்பத்தாறாம் வயதில், தனிமையிலேயே அவர் உயிர் பிரிந்தது. இறுதிச் சடங்குக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அவ்வாண்டு யூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம், மார்க்கோனியின் முக்கிய ஆக்கவுரிமை ஒன்றின் உரிமைக்கூற்றுகளை, தெஸ்லா உள்ளிட்ட முன்னோரின் ஆக்கங்களைச் சுட்டிச் செல்லாதனவாக்கியது. 1957இல் அவருடைய அஸ்தி பெல்கிரேட் நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1960இல் காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவருடைய ஓடத்தின் வழிவந்தவை இன்று இரு திசைகளிற் செல்கின்றன. 2022 ஒக்ரோபரில் கருங்கடலின் செவஸ்தபோல் துறைமுகத்தில், ஆளில்லாப் படகுகள் வெடிமருந்து சுமந்து கப்பல்களை நோக்கிப் பாய்ந்தன. கருவியின் கொடுமைக்கு அஞ்சி மனிதர் போரை விடுவர் என்ற தெஸ்லாவின் நம்பிக்கை பொய்த்தது. ஓடம் கட்டளையைக் கேட்கும். கட்டளை நன்றோ தீதோ என்று கேளாது. அக்கேள்விக்குரியவர் கரையில் நிற்பவரே.

மற்றத் திசை அமைதியானது. பலகை அறுத்து, தகடு வளைத்து, மோட்டர் பொருத்தி, வாங்கியை இணைத்து, குளத்தில் மாதிரி ஓடம் விடும் மாணவன், நூலிற் படித்த மின்னியலையும் நிலையியலையும் தன் விரல்களாற் கற்கிறான். ஓடம் ஒருபுறம் சாய்ந்தால் ஈர்ப்பு மையம் எங்கே என்று தேடுகிறான். சொன்ன சொற் கேளாவிட்டால் அலை எங்கே தடைப்பட்டது என்று ஆராய்கிறான். பழுது கண்டு திருத்துகையில் அருகே ஓர் ஆசிரியர் நின்றால், தெஸ்லாவுக்கு வாய்க்காத பேறு அவனுக்கு வாய்க்கும். கற்றது ஒருவரோடு முடியாமல் அடுத்தவர் கைக்குச் செல்லும்.

கடலும் குளமும் வாய்க்காலும் நம் கிழக்குக் கரையிற் குறைவில்லை. தென்னம்பாளைத் தோணி விடும் பிள்ளைகளும் குறைவில்லை. அத்தோணிக்கு ஒரு சுக்கானும், அச்சுக்கானுக்கு ஒரு சைகையும் அமைத்துப் பார்க்க அவர்களைத் தூண்டுவது நம் பள்ளிகளின் கடமை.